பூங்காவுக்கு நான் வைத்த காவல்

எங்கள் மனைப்பிரிவில் பயப்பட வேண்டிய நேரம் மத்தியானம் பன்னிரண்டு மணி. ராத்திரியில் பயப்படுவதற்கு அங்கே வழியே இல்லை. இரண்டாவது ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், மூன்றாவது ஷிப்டுக்குப் போகிறவர்கள், கம்பெனி பஸ்ஸின் ஹாரன், தொழிற்பேட்டையின் அணையாத விளக்குகள் என்று விடிய விடியத் தெரு விழித்திருக்கும். பகலில்தான் ஆள் இருக்காது. காலை ஷிப்டுக்காரர்கள் போயிருப்பார்கள். ராத்திரி வேலை பார்த்தவர்கள் ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு தூங்குவார்கள். அத்தனை வீட்டிலும் ஒரு மிக்ஸி சத்தம் கேட்காது. தூரத்துக் கம்பெனி ஏதோ ஒன்றின் இரைச்சல் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். அந்த வெயிலில் நானும் என் மகளும் மட்டும் நடமாடுவோம்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி வேலைக்கு வந்து, எட்டுப் பேர் படுக்கும் ஹாஸ்டல் அறையில் ஓர் ஓரம் பிடித்தவள். எனக்கு வாய் நீளம் என்று லைன் முழுக்கப் பேர். சூப்பர்வைசரே என்னிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு முறை யோசிப்பார். இரண்டு வருஷத்தில் கல்யாணம். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர். மகள் பிறந்ததும் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விட்டேன்.

அப்போது ஒரகடத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். வாசல் என்பதே கிடையாது, கதவைத் திறந்தால் ரோடு. மகள் மாடிப்படிக்குக் கீழே விளையாடுவாள். ஒருநாள் தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தது. பின் சக்கரம் அவளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நான் திட்டுவதற்குள் டிரைவர் இறங்கி வந்து தலையில் கை வைத்து அழுதுவிட்டார். நானும் அழுதேன். மகள் மட்டும் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை ஓடுவதற்கு ஓர் இடம் இல்லாத ஊரில் நான் இருக்கப்போவதில்லை என்று அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன்.

அதனால்தான் வல்லம் வடகாலைத் தாண்டி மனை பார்க்கப் போனபோது, வாஸ்து, மூலை, கிழக்குப் பார்த்த வாசல் எதையும் நான் கேட்கவில்லை. வரைபடத்தில் ஒரு சதுரத்துக்குப் பச்சை வர்ணம் அடித்து ‘பூங்கா’ என்று எழுதியிருந்தது. அதற்கு நேர் எதிர் மனை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வீடு கட்டிக் குடிபோனது 2012-இல்.

பச்சை வர்ணம் வரைபடத்தில்தான் இருந்தது. தரையில் சீமைக்கருவேல முள்ளும் ஒரு வேப்பமரமும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருமாகச் சேர்ந்து முள் வெட்டினோம். கடைசித் தெருவில் இருந்த வெல்டர் இரும்புக் குழாயில் ஊஞ்சல் அடித்துக் கொடுத்தார். ஒரு சறுக்கு மரமும் வாங்கிப் போட்டோம். சாயங்காலமானால் பத்திருபது பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்கும். என் மகளுக்கு எல்.கே.ஜி. பதினொன்றரைக்கே விட்டுவிடும். வேனிலிருந்து இறங்கியதும் முதுகில் பையோடு நேராக ஊஞ்சலுக்குத்தான் ஓடுவாள். வேப்பமர நிழலில் நான் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். என் வாழ்க்கையில் நான் கேட்டு வாங்கிய ஒரே விஷயம் எனக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்கும்.

2014 வெயில் காலத்தில் ஒரு மத்தியானம் இரண்டு பேர் வந்து பூங்காவுக்குள் வெள்ளையடித்த கற்களை நட்டார்கள். என்னவென்று கேட்டேன். பிளாட் பிரிக்கிறோம் என்றார்கள். புரமோட்டர் அந்த இடத்தை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்காமலே வைத்திருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவருடைய மேனேஜருக்குப் போன் போட்டேன்.

“பார்க்குன்றதெல்லாம் அப்ரூவலுக்காக மேப்புல போட்றதும்மா. அதையெல்லாம் இன்னாத்துக்கு பெருசா எடுத்துக்கினு” என்றார்.

“அப்ப என் வீடும் மேப்புல போட்டதுதானா? அதையும் வந்து இடிச்சிட்டுப் போங்களேன்” என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

வாலாஜாபாத் வழியாக பஸ் பிடித்துப் போய், காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். ரசீது கொடுத்தார்கள். அவ்வளவுதான். அடுத்த வாரமே தண்ணீர் கேன் போடுகிறவர் ஒரு தகவல் சொன்னார்: வியாழக்கிழமை மத்தியானம் ஜேசிபி வருகிறதாம். மத்தியானம்தான் வருவார்கள், ஆம்பிளைகள் யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் லீவு கேட்டார், கிடைக்கவில்லை.

“நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க” என்றேன்.

“என்னத்தப் பார்ப்ப? ஜேசிபி முன்னாடி படுக்கப் போறியா?” என்றார்.

நான் படுக்கவில்லை. எங்கள் ஊரில் சுவரோரம் ஒன்றுக்குப் போகிறவர்களைத் தடுக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். அதைத்தான் செய்தேன். வியாழக்கிழமை விடியற்காலையில், பாத்ரூம் கட்டியதில் மிஞ்சிக் கிடந்த செங்கல் மூன்றை எடுத்துப் போய் வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். என் பழைய மஞ்சள் துப்பட்டாவைக் கிழித்து மரத்தைச் சுற்றிக் கட்டினேன். ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தேன். கையைக் கழுவிவிட்டுக் காப்பி போட்டேன்.

ஜேசிபி சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தது. டிரைவர் சின்னப் பையன் இல்லை, நாற்பது வயது ஆள். நான் வாசலில் நின்றுகொண்டு, சத்தம் போடாமல், ரொம்பவும் அக்கறையாகச் சொன்னேன்.

“அண்ணே, உங்க நல்லதுக்குச் சொல்றேன். அது உச்சிவேளை முனி. போன வாரம் கல்லு நட வந்தவன் வாய் கோணி ஆஸ்பத்திரியில கெடக்கான். நேரம் பார்த்து வந்திருக்கீகளே.”

அவர் இன்ஜினை அணைத்தார். இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தைப் பார்த்தபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு போனில் யாரிடமோ, “என்னால ஆகாதுங்க. புள்ளகுட்டிக்காரன் நான்” என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். நான் அடுக்களைக்குள் போய் வயிறு வலிக்கச் சிரித்தேன். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் நடித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார்.

ஒரு வாரம் கழித்து, செங்கல்லுக்கு முன்னால் புது எலுமிச்சம்பழம் இருந்தது. நான் வைத்ததில்லை. யாரோ பயந்த பிராணி வைத்திருக்கிறது என்று நினைத்தேன். அதற்கு அடுத்த வாரம் மரத்தைச் சுற்றி வட்டமாகப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. பிறகு ஒருநாள் சுருட்டும் அவித்த முட்டையும். யார் வைக்கிறார்கள் என்று நான் ஜன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வந்து வைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வைத்திருப்பதை மட்டுமே பார்த்தேன்.

எதிர் வரிசையில் ஓர் அக்கா இருந்தார். அந்த ஊர்க்காரர். எங்கள் மனைகள் இருக்கிற இடத்தில் முன்பு நெல் நட்டவர், இப்போது ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பும்போது என் வாசலில் நின்றார்.

“இன்னாம்மா, நீதான் மொதல்ல பாத்தியாமே? அது பழய முனி. நாங்க இங்க நாத்து நட்டப்பவே கீது. வெள்ள பனியன் போட்டுகினு, ரோட்டுக்கு முதுக காட்டிகினு குந்தினு இருக்கும்.”

நான் பனியன் என்று யாரிடமும் சொன்னதில்லை. முதுகு என்றும் சொன்னதில்லை. ‘அக்கா, அது என் பாத்ரூம் செங்கல்’ என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புரமோட்டரின் ஆட்கள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. நட்ட கல்லைக்கூடப் பிடுங்க வரவில்லை. பொய் எனக்கு வேலை செய்துகொண்டிருந்தது. வேலை செய்கிற ஆளை யாராவது நிறுத்துவார்களா?

பிள்ளைகள் குறைந்ததை நான் கவனிக்கவில்லை. முதலில் விளக்கு வைக்கும் முன்பே அம்மாக்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு சாயங்காலமே வரவில்லை. சறுக்கு மரத்தடியில் புல் முளைத்தது. மழைக்குப் பிறகு அது முழங்கால் உயரம் வந்தது. என் மகளும் வேனிலிருந்து இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வீட்டுப் பக்கமாகவே வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

“ஏன்டி, ஊஞ்சலுக்குப் போகலையா?”

“கால் வலிக்குதும்மா.”

அடுத்த நாளும் கால் வலித்தது. மற்ற பிள்ளைகள் எதையோ சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று அவர்களைத் திட்டினேன். அக்கா அவளை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போய் விபூதி போடச் சொன்னார். அவரையும் மனதுக்குள் திட்டினேன்.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம், பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியாக ஊஞ்சல் ஆடுவதைப் பார்த்தேன். காற்றில் ஆடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அதையும் விடுங்கள். ஆளில்லாத ஊஞ்சல் ஆடினால் சங்கிலி தொளதொளவென்று முறுக்கிக்கொண்டு, பலகை கோணலாகப் போய்வரும். என் மகளை ஆயிரம் முறை ஆட்டிவிட்டவள் நான், எனக்குத் தெரியும். அன்றைக்குச் சங்கிலி இரண்டும் விறைப்பாக இருந்தன. பலகை மட்டமாகப் போய் மட்டமாக வந்தது. குழாயை மூடினேன். ஊஞ்சலும் நின்றது. மெதுவாகக் குறைந்து நிற்கவில்லை. யாரோ காலை ஊன்றியதுபோலச் சட்டென்று நின்றது.

என் வீட்டுக்காரரிடம் நான் அதைச் சொல்லவில்லை. நானே கட்டின கதைக்கு நானே பயந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஜன்னலுக்கு ஒரு திரை தைத்துப் போட்டேன்.

பிறகு மனுவுக்குப் பதில் வந்தது. அதிகாரி ஒருவர் இடத்தை நேரில் பார்வையிட வருவார். புரமோட்டர் எழுதிக் கொடுத்திருந்தது இதுதான்: அது பூங்காவாகப் பயன்பாட்டில் இல்லை, குழந்தைகள் யாரும் வருவதில்லை, ஆகவே அதை மனையாக மாற்றிக்கொண்டு அதற்குப் பதிலாக வேறு இடம் தருகிறேன். அந்த வேறு இடம் ஏரிக்கரையோரம், மழைக்கு இடுப்பளவு தண்ணீர் நிற்கிற பள்ளம். அதிகாரி பூங்கா என்று எழுதினால் இடம் எங்களுக்கு. இல்லையென்றால் புரமோட்டருக்கு.

வீடு வீடாகப் போனேன். அன்றைக்கு ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், ஒரு மணி நேரம் விளையாடினால் போதும் என்று கெஞ்சினேன். சரி சரி என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதிகாரி வந்ததும் மத்தியானம்தான். பெரியவர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள், ரோட்டைத் தாண்டி ஒருவரும் உள்ளே காலை வைக்கவில்லை. பிள்ளை ஒன்றுகூட இல்லை. என் மகள் எங்கள் வீட்டு கேட்டுக்குப் பின்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால் உயரப் புல்லும், துருவேறிய ஊஞ்சலும், மஞ்சள் துணி சுற்றிய மரமும் மட்டும் வெயிலில் இருந்தன.

“இங்க பிள்ளைங்க யாரும் வர்றதில்லையாமே?” என்றார் அதிகாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் கைகட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “வர மாட்டாங்க சார். சாமி கீற எடம். ஜனங்க நம்பிக்கைல நாங்க தலையிட மாட்டோம். முனிக்கு நாங்களே அந்த மூலைல சின்னதா ஒரு கோயில் கட்டிக் குடுத்துடறோம். மீதிய மட்டும் மாத்திக்கறோம்.”

நான் எங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்தேன். என்னோடு முள் வெட்டியவர்கள், காஞ்சிபுரம் வந்தவர்கள். அவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கோயில் என்றதும் சிலர் முகத்தில் நிம்மதிகூடத் தெரிந்தது. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

“சார், அது முனி இல்ல” என்றேன். “அது நான் வச்ச செங்கல். ஜேசிபிய வெரட்டுறதுக்காக வச்சேன். கல்லுல சூளை முத்திரை இருக்கும் பாருங்க, என் காம்பவுண்டு சுவரு மேல்வரிசைலயும் அதே முத்திரைதான். நான் சொன்னது முழுக்கப் பொய்.”

அக்காதான் மெதுவாகக் கேட்டார்: “நீ வெச்சதாவே இருக்கட்டும்மா. உன்ன வெக்க வெச்சது யாரு?”

புல்லை விலக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். என் முதுகை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து முதல் செங்கல்லை எடுத்தேன், முத்திரை இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு கற்கள் இருந்தன. அவை செங்கல் இல்லை. எண்ணெய் ஏறிக் கறுத்து, மண்ணில் பாதி புதைந்திருந்தன. ரொம்பக் காலமாக அங்கேயே கிடந்தவை மாதிரி இருந்தன. நான் செங்கல் வைத்த அன்றைக்கு அந்த இடம் வெறும் மண். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் அவற்றையும் பிடுங்கி, துணியையும் அவிழ்த்து, எல்லாவற்றையும் ரோட்டோரம் கொண்டுபோய்ப் போட்டேன்.

பிறகு ஊஞ்சலில் உட்கார்ந்தேன். நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு, அதிகாரிக்கு முன்னால், முப்பது வயதுப் பொம்பளை உந்தி உந்தி ஆடினேன். பலகை வெயிலில் கிடந்தும் சூடாக இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

“போதும்மா, எறங்குங்க, விழுந்துடப் போறீங்க” என்றார் அதிகாரி. சிரித்தார். ஊஞ்சல் இருக்கிறது, சறுக்கு மரம் இருக்கிறது, பூங்காதான் என்று அங்கேயே நின்று எழுதினார். மேனேஜர் பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் தானப் பத்திரம் எழுதப்பட்டது. ஊராட்சியில் புல் வெட்டினார்கள், கம்பி வேலி போட்டார்கள், ‘பூங்கா இடம், ஆக்கிரமிப்பு செய்யக் கூடாது’ என்று போர்டு நட்டார்கள். போர்டு வைத்த அன்று சாயங்காலம் நான் என் மகளுக்குத் தலை சீவி, அவள் கையைப் பிடித்து வேலிக் கதவு வரைக்கும் கூட்டிப்போனேன். அதற்கு மேல் அவள் வரவில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இவளுக்காகத்தானே இத்தனையும்?

மண்டி போட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். “இங்க பாரு. கல்லு இல்ல, எலுமிச்சம்பழம் இல்ல. அம்மா பொய் சொன்னேன்டி. ஜேசிபிக்காரன வெரட்டுறதுக்காக நான்தான் அந்தக் கல்ல வச்சேன். அங்கிட்டு யாருமே கெடையாது.”

“தெரியும்மா” என்றாள். “நீ கல்லு வெக்கிறப்ப நான் ஜன்னல்லேர்ந்து பாத்துகினு இருந்தேன். அப்ப அங்க யாரும் இல்ல.”

“பெறகு என்ன?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஊஞ்சலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்புறம்தான் வந்துச்சு. நீ கூப்ட்ட இல்ல?”

இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையைக் கைக்குழந்தைபோல இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன்.